கல்யாணம் நடந்ததுக்கு என்ன ஆதாரம்?

தொண்ணூறுகளோட தொடக்கம், ஒரு ஆனி மாசம். அப்ப நான் தஞ்சாவூர் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்துல ஒரு வக்கீல் ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப்போற நேரம், தபால்காரர் என் பேருக்கு ஒரு நீளக் கவரை நீட்டினார். டெல்லியில இருக்கிற கனடா தூதரகத்துலேர்ந்து வந்த கடிதம். அதைப் படிச்சப்புறம் அன்னைக்கு டப்பாவைத் திறக்கவே இல்லை.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் கனடாவுல வெல்டர். அங்கேயே நிரந்தரமாத் தங்க அனுமதி கிடைச்சதும், மனைவியை அழைச்சுக்கணும்னு மனு போட்டிருந்தார். அதுக்குத்தான் பதில் வந்திருந்துச்சு. உங்க கல்யாணம் உண்மையானதுதானான்னு எங்களுக்குத் தெளிவாகலை, கல்யாண போட்டோ, பத்திரிகை, ரெண்டு பேரும் எழுதிக்கிட்ட கடிதங்கள், சேர்ந்து வாழ்ந்ததுக்கு அத்தாட்சி எல்லாத்தையும் ரெண்டு மாசத்துக்குள்ள அனுப்புங்க, இல்லேன்னா மனு தள்ளுபடின்னு ரொம்ப மரியாதையா எழுதியிருந்தாங்க. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததாச் சொல்ற கல்யாணத்தைப் போன வருஷம்தான் பதிவு பண்ணியிருக்கீங்களே, ஏன்னு ஒரு கேள்வி வேற.

எனக்கு வந்த கோபம் இருக்கே! முகம் தெரியாத யாரோ ஒரு ஆளு, என் புருஷன் எனக்குப் புருஷன்தானான்னு கேக்கிறாரு. அன்னைக்கு நான் அடிச்ச மனுவுல அத்தனை பிழை. வக்கீல் சார் சுழிச்சுச் சுழிச்சுத் திருப்பிக் குடுத்தார். கோபம் ஆறினப்புறம் உட்கார்ந்து யோசிச்சேன். ஆறு வருஷமா ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் வாரிசு மனு, அபிடவிட்னு அடிச்சுக் குடுத்தவ நான். எனக்குன்னு அடிக்க உட்கார்ந்தா ஒரு வரிக்குக்கூடச் சரக்கு இல்லை.

எங்களது சுயமரியாதைக் கல்யாணம். ஐயர் கிடையாது, அக்கினி கிடையாது, தாலியும் கிடையாது. நாலு பேர் முன்னாடி நின்னு, இவரை என் கணவரா ஏத்துக்கிறேன்னு வாயால சொல்லி மாலை மாத்திக்கிட்டாப் போதும், செல்லும்னு சட்டமே வந்தாச்சு. பதிவு பண்ணணும்னு எங்களுக்குத் தோணவே இல்லை, கனடா மனு போடறதுக்காகத்தான் அவர் லீவுல வந்தப்ப பண்ணோம். எங்க ஊர் திருவையாறு பக்கம் ஒரு கிராமம். நான் மேலத்தெரு, எங்கப்பா மிராசுதார். என் வீட்டுக்காரர் தெற்குத்தெரு. அவங்க வீட்டுல எல்லாரும் எங்க வயல்லயும் எங்க பங்காளிங்க வயல்லயும் கூலி வேலை பார்த்தவங்க. டவுன்ல டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல அடுத்தடுத்த மெஷின்ல உட்கார்ந்து பழகினோம். அவர் லோயர் பரீட்சையோட நிறுத்திட்டு வெல்டிங் கத்துக்கப் போயிட்டார். நான் ஹையர் பாஸ் பண்ணேன். அதை இன்னைக்கும் அவர்கிட்ட சொல்லிக் காட்டுவேன்.

கல்யாணம் நடந்தது ஒரு தை மாசம், அறுவடைச் சமயத்துல. அந்த வருஷம் எங்க பக்கமெல்லாம் கூலித் தகராறு, குத்தகைத் தகராறு, வரப்புக்கு வரப்பு போலீஸ். தெற்குத்தெருக் களத்துல, காலையில ஏழு மணிக்கு, டவுன்லேர்ந்து வந்த கட்சிக்காரர் ஒருத்தர் தலைமையில அஞ்சே நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சுது. அறுவடைக்குக் கிளம்பி நின்ன பொம்பளைங்கதான் கூட்டம். போட்டோ எடுக்க ஒத்துக்கிட்டிருந்த ஸ்டுடியோக்காரர் எங்கப்பாவுக்குப் பயந்து வரலை. பத்திரிகை அடிச்சா விஷயம் வெளியே தெரிஞ்சிடும்னு அடிக்கலை. முடிஞ்ச கையோட ரெண்டு பேரும் பஸ் ஏறித் திருச்சிக்குப் போயிட்டோம், அங்கே அவருக்கு ஒரு பட்டறையில வேலை கிடைச்சிருந்துச்சு. தலைமை தாங்கினவரும் கொஞ்ச வருஷத்துல போய்ச் சேர்ந்துட்டார்.

திருச்சியில மூணு வருஷம் ஒரு ஒட்டுக்குடித்தனத்துல இருந்தோம். அந்த வீட்டையே இடிச்சுட்டாங்க. அப்புறம் அவர் வளைகுடாவுக்குப் போனார். நான் அதே தெற்குத்தெருவுக்கு, அவரோட அக்கா வீட்டுக்கு வந்து, கொஞ்ச வருஷம் கழிச்சு அங்கேர்ந்து தஞ்சாவூருக்கு வேலைக்குப் போக ஆரம்பிச்சேன். அப்ப வளைகுடாவுல இருக்கிறவங்க கேசட்டுல பேசி, ஊருக்கு வர்றவங்ககிட்ட குடுத்து விடுவாங்க. நாங்களும் அப்படித்தான். அவர் ஒரு மணி நேரம் பேசி அனுப்புவார். நான் கேட்டு, அழுது முடிச்சுட்டு, அதே கேசட்டுல அதுமேலயே என் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவேன். அதுமேல அவர் பேசுவார். புதுக் கேசட் எதுக்கு வீணாங்கிற சிக்கனம்! ஏழு வருஷக் குடித்தனம் ரெண்டே கேசட்டுல ஓடிச்சு. அப்புறம் அவர் அங்கேர்ந்தே கனடாவுக்குப் போனதும் போன்லதான் பேச்சு. கடைசியா மிஞ்சினது, பாவாடைத் துணி அனுப்பியிருக்கேன், சாயம் போகுதான்னு நனைச்சுப் பாருன்னு அவர் பேசினது மட்டும்தான். அதையா டெல்லிக்கு அனுப்பறது?

பிள்ளைகள் விவரம்னு, முன்னாடி நான் நிரப்பி அனுப்பின விண்ணப்பத்துல ஒரு கட்டம் இருந்துச்சு. அதுல இல்லைன்னு கோடு போட்டு அனுப்பினதும் அப்ப ஞாபகம் வந்துச்சு.

அந்த வாரம் எஸ்.டி.டி. பூத்துலேர்ந்து அவருக்குப் போன் போட்டேன். ரெண்டு மாசம் முன்னாடிதான் அவர் சாரத்துலேர்ந்து விழுந்து இடுப்பெலும்புல விரிசல் விட்டிருந்துச்சு. மூணு வாரம் ஆஸ்பத்திரியில தனியாக் கிடந்தார். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவங்க தனக்கும் சேர்த்து ஆரஞ்சு வச்சுட்டுப் போவாங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரலை. கம்பெனியில உட்கார்ந்து பார்க்கிற வேலையா மாத்திக் குடுத்திருந்தாங்க. இங்கே திரும்பி வந்தா அந்த இடுப்பை வச்சுக்கிட்டு எந்தப் பட்டறையிலயும் நிக்க முடியாது. அவர் அதையெல்லாம் பேசலை. மனுவைத் தள்ளிட்டாங்கன்னா நான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடறேன், இனிமே தனியா முடியாதுன்னு மட்டும் சொன்னார். அப்படிச் சொல்ற ஆளே கிடையாது அவர்.

அந்தப் பயத்துலதான் நான் அந்த ஏஜெண்ட்கிட்ட போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில ஒரு அறை, சுவர் முழுக்க விமானப் படம். அவர் என் கதையைப் பாதியிலயே நிறுத்திட்டார். இதெல்லாம் சொன்னா வெள்ளைக்காரனுக்குப் புரியாதும்மா, அவனுக்குத் தெரிஞ்ச கல்யாணத்தைக் காட்டணும்னார். திருக்கடையூர்ல கல்யாணம் நடந்த மாதிரி, பழைய தேதி போட்டு ஒரு பத்திரிகை அடிச்சுடலாம். டீத்தண்ணியில லேசா நனைச்சுக் காயவச்சா பன்னிரண்டு வருஷப் பழசாயிடும். மண்டபத்துலேர்ந்து ஒரு கடிதம் வாங்கறது என் பொறுப்புன்னார். பொய் ஆவணம் குடுத்தா என்ன ஆகும்னு வக்கீல் ஆபீஸ்ல வேலை பார்க்கிற எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். இருந்தாலும் தலையை ஆட்டினேன். உண்மையான கல்யாணத்துக்குத்தானே பொய் சொல்றோம், தப்பில்லைன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

நாலு நாள்ல பத்திரிகை ரெடி. மஞ்சள் தடவின ஓரம், மேல பிள்ளையார். "என் மூத்த குமாரத்தியின் திருமணத்துக்குச் சுற்றமும் நட்பும் வந்திருந்து வாழ்த்தும்படி அழைக்கிறேன்"னு எங்கப்பா பேரைப் போட்டு அடிச்சிருந்தாங்க. எங்கப்பா அப்ப உயிரோட இல்லை, போய் ரெண்டு வருஷமாச்சு. சாகிறவரைக்கும் என் பேரை வாயால சொல்லலை. சாவுக்கும் எனக்குச் சொல்லி அனுப்பலை. பொய்யின்னு தெரிஞ்சும் அந்த வரியை பஸ்ல வர்ற வழியெல்லாம் திரும்பத் திரும்பப் படிச்சேன். கண்டக்டர் சீட்டு கேட்டது கூட காதுல விழலை.

வீட்டுல அண்ணியைப் பத்திச் சொல்லணும். என் வீட்டுக்காரரோட அக்காவை நான் அண்ணின்னுதான் கூப்பிடுவேன். நடவு, களை, அறுவடைன்னு எந்த வேலைக்கும் தெற்குத்தெருப் பொம்பளைங்க ஒரு கோஷ்டியாப் போவாங்க, அண்ணிதான் அதுக்குத் தலைவி. அதட்டலான ஆளு. ஆனா என்கிட்ட மட்டும், மேலத்தெருப் பொண்ணாச்சேன்னு, வாங்க போங்கன்னுதான் பேசுவாங்க. அதை நிறுத்த வைக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு. அந்தச் சமயத்துல தெருவுல பெரியவங்களுக்குச் சாயங்கால வகுப்பு நடந்துச்சு. அண்ணி நாப்பத்தஞ்சு வயசுல எழுத்துக்கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டு, சோப்பு உறை, பஸ் போர்டு, தேர்தல் சுவர்னு கண்ணுல பட்டதையெல்லாம் படிச்சுக்கிட்டிருந்தாங்க.

நான் பையைப் பாயில வச்சுட்டுக் கை கால் கழுவப் போயிருக்கேன். திரும்பி வந்தா அண்ணி அந்தப் பத்திரிகையைக் கையில வச்சுக்கிட்டு வாசப்பக்கம் வெளிச்சத்துல உட்கார்ந்திருக்காங்க. எழுத்து எழுத்தா விரல் நகருது. என் பேர் வந்துச்சு. தம்பி பேர் வந்துச்சு. திருக்கடையூர்ங்கிறதுல கொஞ்சம் தட்டுத்தடுமாறி அதையும் படிச்சுட்டாங்க. நான் அவசர அவசரமா விளக்கம் சொன்னேன், தூதரகம், ஏஜெண்ட், ரெண்டு மாசக் கெடுன்னு. நான் சொல்லி முடிச்சதும் பத்திரிகையை மடிச்சு என் பக்கம் நகர்த்தி வச்சாங்க.

"அப்ப நாங்க நின்னு நடத்தி வச்சது கல்யாணம் இல்லீங்களா?"

எத்தனையோ வருஷம் கழிச்சு மறுபடியும் அந்த ங்க. எங்கப்பா அடிச்ச அடிகூட எனக்கு அப்படி வலிச்சதில்லை. அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போய் உலை வச்சாங்க. நான் அந்தப் பத்திரிகைக் கட்டை எடுத்துக்கிட்டுப் போய் அதே அடுப்புல ஒண்ணொண்ணாப் போட்டேன். அண்ணி பார்த்தாங்க, தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாங்க, அவ்வளவுதான்.

அப்புறம் நானே கேட்டேன். அன்னைக்குக் களத்துல நின்னவங்க யாராவது ரெண்டு பேர் வந்து வக்கீல் முன்னாடி, ஆமா நாங்க பார்த்தோம்னு சொல்லுவாங்களான்னு. நடவு நேரம், பறிச்ச நாத்து வரப்புல கிடக்கு, ஆளுங்களைக் கூப்பிடறது தப்புன்னு எனக்கே தெரியும். அண்ணி சரின்னும் சொல்லலை, முடியாதுன்னும் சொல்லலை. சாப்பிட்டுட்டுத் தெருவுல இறங்கிப் போயிட்டாங்க.

மறுநாள் காலையில நான் ஆபீஸைத் திறந்து தூசி தட்டிக்கிட்டிருந்தேன். சந்துல ஒரே பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தா பதினாலு பேர்! முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்திருக்காங்க. கையில தூக்குவாளி, கால்ல முதல் நாள் சேறு அப்படியே காஞ்சு கிடக்கு. நாத்துக் கட்டையெல்லாம் வாய்க்கால் தண்ணியில போட்டு வச்சுட்டு, நடவு மத்தியானத்துக்கு மேலதான்னு பண்ணைக்காரர்கிட்ட சொல்லிட்டு வந்துட்டாங்களாம். வக்கீல் சார் ஸ்கூட்டர்லேர்ந்து இறங்கினவர், ஏதோ மறியல்னு நினைச்சுட்டார்.

விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துடுச்சு. ஆனா ஒரு நிபந்தனை போட்டார். பதினாலு பேரும் ஒரே மாதிரி சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, அவங்கவங்க கண்ணால பார்த்ததை அவங்கவங்க வாயால சொல்லணும், நீ ஒரு வார்த்தை சேர்க்காம அடிக்கணும், இங்கிலீஷ்ல நான் மொழிபெயர்த்துக்கிறேன்னார். நான் தமிழ் மெஷின் முன்னாடி உட்கார்ந்தேன். மூணு கார்பன் வச்சுச் சுருட்டினேன். என் கல்யாணத்துக்கான சாட்சியை நானே அடிக்கிறேன்னு நினைக்கவே கூச்சமா இருந்துச்சு.

முதல்ல வந்த அக்கா மாலையைப் பத்திச் சொன்னாங்க. பூக்கடைக்கு ஆள் அனுப்பினா சந்தேகம் வந்துடும்னு, கிடைச்ச அரளியோட நெல் கதிரையும் சேர்த்துக் கட்டினோம், பொண்ணுக்குக் கழுத்தெல்லாம் அரிச்சுது, கல்யாணம் பூராவும் சொறிஞ்சுக்கிட்டே நின்னுதுன்னு. எனக்கு அது சுத்தமா மறந்தே போயிருந்துச்சு. கேட்டதும் கழுத்து நிஜமாவே அரிக்கிற மாதிரி இருந்துச்சு. அடுத்தவங்க சொன்னாங்க, உறுதிமொழியை இந்தப் பொண்ணு முணுமுணுன்னு சொல்லிச்சு, பின்னாடி எங்களுக்குக் கேக்கலை, சத்தமாச் சொல்லும்மான்னு நான்தான் கத்தினேன், மறுபடியும் முதல்லேர்ந்து சொல்லிச்சுன்னு. வக்கீல் சார் சிரிச்சுட்டார். அப்ப ரெண்டு கல்யாணம்னு எழுதிடலாமான்னார். இன்னொருத்தங்க, பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சுன்னு எங்களை வரப்பு வழியா ஓட வச்சதையும், என் செருப்பு வார் அறுந்து ஒத்தைச் செருப்போட நான் ஏறினதையும் சொன்னாங்க. அந்த இன்னொரு செருப்பு ரொம்ப நாள் அவங்க வீட்டுக் கூரையில சொருகிக் கிடந்துச்சாம்.

எனக்கு ஆச்சரியம் தாங்கலை. போட்டோ இல்லை போட்டோ இல்லைன்னு புலம்பிக்கிட்டிருந்தேனே, இவங்க கண்ணுல எல்லாம் அது பதிஞ்சு கிடந்திருக்கு. அதைக் கேட்டுக்கத்தான் இத்தனை வருஷமா எனக்குத் தோணலை.

ஆறாவதோ ஏழாவதோ வந்த அக்கா ரொம்ப மெல்லிசாப் பேசறவங்க. மாலை மாத்தினதைப் பார்த்தேன்னு சொல்லிட்டு, நாள் சரியா ஞாபகம் இருக்கான்னு வக்கீல் கேட்டதுக்கு, ஞாபகம் இல்லாம என்ன, அதோட அடுத்த நாள்லேர்ந்துதானே எங்களை வயல்ல இறங்கக் கூடாதுன்னுட்டாங்கன்னாங்க.

என் விரல் நின்னுடுச்சு. என்னக்கா சொல்றீங்கன்னு கேட்டேன். அண்ணி, அதெல்லாம் எதுக்கு இப்பன்னு அவங்களை அடக்கப் பார்த்தாங்க. வக்கீல் சார் விடலை, சொல்லுங்கன்னார். அப்புறம்தான் வந்துச்சு எல்லாம். அந்தக் கல்யாணத்துக்கு நின்ன எவளும் எங்க வரப்புல கால் வைக்கக் கூடாதுன்னு மேலத்தெருவுல கூடிப் பேசி முடிவு பண்ணிட்டாங்க. அந்தத் தை அறுவடை பூராவும் வேலை இல்லை. வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுத்தாங்க. அடுத்த வருஷ நடவுக்கும் கூப்பிடலை. இவங்க விடியறதுக்கு முன்னாடி கிளம்பி, கொள்ளிடத்தைத் தாண்டி எங்கேயோ போய்க் கூலி வேலை பார்த்துட்டு வருவாங்களாம். சில நாள் வெறும் நத்தையும் கீரையும்தான்.

"எம்பொண்ணு அப்ப நாலாவது படிச்சுது. அத்தோட நின்னுடுச்சு"ன்னு அந்த அக்கா சொன்னாங்க. குறையாச் சொல்லலை. நாள் எப்படி ஞாபகம் இருக்குங்கிறதுக்கு அதையும் ஒரு அடையாளமாச் சொன்னாங்க, அவ்வளவுதான்.

நான் திருச்சியில புதுக் குடித்தனம் பண்ணிக்கிட்டிருந்தேன் அப்ப. சாயங்காலமானா காவிரிக் கரைக்குப் போவோம், கடலை வாங்கித் தின்போம். அப்புறம் இவங்களோட ஒரே தெருவுல ஒன்பது வருஷம் குடியிருந்திருக்கேன். குழாயடியில நின்னிருக்கேன், இவங்க பேரப்பிள்ளைங்களைத் தூக்கி வச்சிருக்கேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர் வாயிலேர்ந்து இது வரலை. ஸ்ட்ரைக் வருஷம், எல்லாருக்கும்தான் வேலை இல்லைன்னு நான் பாட்டுக்கு நினைச்சுக்கிட்டிருந்தேன். மெஷின்ல இருந்த தாள் எனக்குத் தெரியலை, கண்ணு மறைச்சுது. வக்கீல் சார் தானே ஒரு டம்ளர்ல தண்ணி கொண்டுவந்து வச்சார்.

தாலுகா ஆபீஸ்ல பேச்சுவார்த்தை நடந்ததைச் சொன்னது அண்ணிதான். இந்தக் கல்யாணத்துக்கு நின்னதால எங்களுக்கு வேலை குடுக்க மாட்டேங்கிறாங்கன்னு தாசில்தார்கிட்ட மனு குடுத்தோம், ரெண்டு தரப்பையும் உட்கார வச்சுப் பேசினாங்க, ஒண்ணும் ஆகலைன்னாங்க. வக்கீல் சார் எழுந்தே நின்னுட்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி, தேதியோட, முத்திரையோட, அரசாங்கக் காகிதத்துல இந்தக் கல்யாணம் எழுதப்பட்டிருக்கு, அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும், போய் நகல் வாங்கும்மான்னார்.

நகலுக்கு மனு எழுதிக்கிட்டு மறுநாளே அண்ணியும் நானும் தாலுகா ஆபீஸுக்குப் போனோம். ரிக்கார்டு ரூம் குமாஸ்தா வயசானவர், தும்மிக்கிட்டே இருந்தார். பேச்சுவார்த்தைக் கோப்பெல்லாம் பத்து வருஷத்துல அழிச்சுடுவாங்கம்மா, வீணா அலையாதீங்கன்னார். அண்ணி அவர் மேஜை முன்னாடி தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டாங்க, பார்த்துட்டுச் சொல்லுங்கய்யான்னு. அவர் முணுமுணுத்துக்கிட்டே பசலி வருஷத்தை, அதான் வருவாய்த்துறைக் கணக்கு வருஷத்தை, கணக்குப் பண்ணி ஒரு பதிவேட்டைப் புரட்டினார். புரட்டினவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடியும் பார்த்தார். அதே மனுவுல ஒரு குத்தகை நிலத் தகராறும் சேர்ந்திருந்ததால, சிவப்பு மையில நிரந்தரம்னு எழுதி வச்சிருந்தாங்க. நிலம் சம்பந்தப்பட்ட கோப்பை அழிக்க மாட்டாங்க.

சிவப்புத் துணியில கட்டின மூட்டையை அவிழ்த்தா ஒரே தும்மல், மூணு பேருக்கும். பழுப்பேறின காகிதம். மேல எங்க ஊர்ப் பேர். கீழே வரிசையாப் பதினேழு கைநாட்டு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல பேர். அதுல ஒருத்தங்க இறந்துட்டாங்க, ரெண்டு பேர் பிழைக்க எங்கேயோ போயிட்டாங்க. மிச்சப் பதினாலு பேர்தான் முந்தின நாள் பஸ் ஏறி வந்தவங்க. எதிர்த் தரப்புல முதல் கையெழுத்து எங்கப்பாவோடது. அந்தச் சுழியை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

நடுவுல தாசில்தார் எழுதின குறிப்பு. அதை நான் படிக்கப் போனேன். அண்ணி, இரு நான் படிக்கிறேன்னு காகிதத்தை வாங்கிக்கிட்டாங்க. குமாஸ்தா கடுப்பாகலை, நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணி எழுத்துக்கூட்டிப் படிச்சாங்க, ரொம்ப நேரம் ஆச்சு.

"மேற்படி திருமணம் எதையும் தாங்கள் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் அறுவடை வேலை வழங்கத் தயார் என மிராசுதாரர்கள் தரப்பில் கூறப்பட்டது. திருமணம் தங்கள் கண்முன் நடந்தது என்றும், நடந்ததை நடக்கவில்லை என்று எழுதித் தர இயலாது என்றும் பெண் தொழிலாளர்கள் பதினேழு பேரும் கூறிவிட்டனர். உடன்பாடு ஏற்படவில்லை."

ஒரே ஒரு வரி. பார்க்கலைன்னு ஒரு வரியில கைநாட்டு வச்சிருந்தா மறுநாளே அரிவாளைத் தூக்கிக்கிட்டு வயல்ல இறங்கியிருக்கலாம். அந்தப் பொண்ணு அஞ்சாவதுக்குப் போயிருக்கும். எங்கப்பா எதுக்கு அந்த வரியைக் கேட்டார்னு எனக்குப் புரிஞ்சுது. கல்யாணமே நடக்கலைன்னு ஆயிட்டா, பொண்ணைக் கடத்திட்டான்னு என் வீட்டுக்காரர் மேல கேஸ் போட்டு உள்ள தள்ளியிருப்பார். எங்களைத் தேடித் திருச்சிக்கு ஒரு போலீஸும் வராதது ஏன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அண்ணிக்காவது தம்பி. மத்தப் பதினாறு பேருக்கும் நான் யாரு? அவங்க கூலியைக் குறைச்ச வீட்டுப் பொண்ணு.

அண்ணி படிச்சு முடிச்சு, காகிதத்தை நீவி விட்டாங்க. "அன்னைக்குத் தாசில்தார் வாசிச்சுத்தான் காட்டினாரு, நாங்க நம்பித்தான் வச்சோம். சரியாத்தான் எழுதியிருக்காரு"ன்னாங்க. குமாஸ்தா எங்களை ஒரு தடவை பார்த்தார். நகல் வாங்க வாரக் கணக்கா அலைய விடற ஆபீஸ் அது. அன்னைக்குச் சாயங்காலமே முத்திரை குத்தி, கையில குடுத்து அனுப்பினார்.

பதினாலு அபிடவிட்டும் அந்த நகலும் ரெஜிஸ்டர் தபால்ல டெல்லிக்குப் போச்சு. மூணு மாசம் பதில் இல்லை. நான் தினமும் தபால்காரர் வர்ற நேரத்துக்குச் சந்துல போய் நிப்பேன். ஐப்பசி மழையில ஒரு நாள் கவர் நனைஞ்சு வந்துச்சு. அனுப்பின ஆதாரம் ஏற்கப்பட்டது, மருத்துவப் பரிசோதனைக்குப் போங்கன்னு ரெண்டு வரி. வக்கீல் சார் ஆபீஸ்ல எல்லாருக்கும் அசோகா அல்வா வாங்கிக் குடுத்தார். நான் பாதியைப் பொட்டலம் கட்டிக்கிட்டு தெற்குத்தெருவுக்கு ஓடினேன்.

கிளம்பறதுக்கு முந்தின நாள் அண்ணிகிட்ட கேட்டுட்டேன், இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலையே ஏன்னு. அண்ணி முறத்துல அரிசி புடைச்சுக்கிட்டிருந்தாங்க. நிறுத்தலை.

"சொன்னா நீ உன் கல்யாணத்தை நெனச்சு வருத்தப்படுவ. கல்யாணத்தை நெனச்சு ஒரு பொண்ணு வருத்தப்படலாமா?"

நான் அவங்க மடியில தலையை வச்சு அழுதேன். அரிசி சிந்துது எழுந்திருன்னு அதட்டினாங்க.

அப்புறம் எத்தனையோ வருஷம் ஓடிப்போச்சு. அவரும் நானும் இங்கே பனியைத் தள்ளிக்கிட்டுக் காலம் தள்றோம். எங்களுக்குள்ள சண்டை வராம இல்லை, ரெண்டு பேருக்குமே வாய் நீளம். சில நாள், சீ இதெல்லாம் ஒரு கல்யாணமான்னு நுனி நாக்கு வரைக்கும் வந்துடும். அந்தச் சொல்லை மட்டும் நான் இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்லை. வயித்தைக் காயப்போட்டுக்கிட்டு அதைச் சொல்ல மாட்டோம்னு பதினேழு பேர் நின்னிருக்காங்க, அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு?